மூணு வீட்டுக்கு ஒரு டெலிபோன்

அப்பா செத்து வருசம் திரும்புறதுக்குள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை மூணாப் பிரிச்சுட்டோம். நீளமான வீடு. குறுக்க ரெண்டு சுவரு எழுப்பினா மூணு வீடு, கொத்தனாருக்கு நாலு நாள் வேலை, அம்புட்டுதான். தெருப்பக்கம் பெரியண்ணனுக்கு, நடுவுல உள்ளது சின்னண்ணனுக்கு, பின்கட்டு எனக்கு. பக்கத்துச் சந்துல ஆளுக்கொரு வாசல் வச்சுக்கிட்டோம். பாத்திரம், பண்டம், கிணத்துத் தண்ணி வரைக்கும் சண்டையில்லாமப் பிரிச்சோம்னு ஊர்ல எங்களுக்கு நல்ல பேரு.

பிரிக்க முடியாமப் போனது ரெண்டு. ஒண்ணு அம்மா, இன்னொண்ணு டெலிபோன்.

அம்மாவுக்கு வழி ஏற்கெனவே இருந்துச்சு. முறை வச்சுக்கிட்டோம். சித்திரை பெரியண்ணன் வீடு, வைகாசி சின்னண்ணன் வீடு, ஆனி என் வீடு, ஆடி மறுபடியும் பெரியண்ணன். தமிழ் மாசம் பொறக்குற அன்னிக்குக் காலையில அம்மா தன் தட்டு, தம்ளர், தலகாணி, ஒரு டிரங்குப் பெட்டியோட சந்துல இறங்கி அடுத்த வாசப்படி ஏறுவா. பெட்டியை நாந்தான் தூக்கிட்டுப் போவேன். எங்க தெருவுல பாதி வீட்டுல இதான் நடப்பு, யாரும் வித்தியாசமாப் பாக்கல. இன்னிக்கு நினைச்சா எனக்கே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு. மாட்டுக்குக்கூட ஒரே தொழுவம்தான்யா.

டெலிபோன் அப்பா பேர்ல வாங்கினது. புதுசா இன்னொரு லைனுக்கு எழுதிப் போட்டா எந்தக் காலத்துல வருமோ தெரியாது. தொண்ணூறு பொறந்து மூணு நாலு வருசம் ஆகியும் எங்க ஊர்ல அதான் நிலைமை. போன் பெட்டி பெரியண்ணன் வீட்டு முன்னறையில கெடந்துச்சு. சின்னண்ணன் பேண்டேஜ் துணி கமிஷன் யாவாரம் பாத்தாரு, அவருக்குப் பார்ட்டிக கூப்பிடுவாங்க. பெரியண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தாரு, அவருக்கு ஜாதகக்காரங்க. எனக்கு மில்லுலேர்ந்து வரும். இத்தனைக்கும் நடுவுல, மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, எங்க அக்கா கூப்பிடுவா. அந்த ஒரு போனுக்காகத்தான் இந்தக் கதையே.

அக்கா எனக்கு மூத்தவ, அண்ணன்மாருக்கு இளையவ. அவளைக் கட்டினவரு வடக்க, குஜராத்துப் பக்கம், ஒரு நூல் மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டர். நம்ம ராஜபாளையத்து மில்லு ஆளுக வடக்க போறது சகஜம்தான். போன புதுசுல நல்லா இருந்தா. பொறவு அந்தாளுக்குச் சந்தேகப் பேய் பிடிச்சுக்கிட்டு. கடுதாசி போட்டா அவரு பிரிச்சுப் படிச்ச பொறவுதான் அவ கைக்குப் போகும். அவ போடுற கடுதாசியும் அப்படித்தான் வெளிய வரும். குவார்ட்டர்ஸ்ல போன் கெடையாது. காலையில பதினோரு மணிவாக்குல காய்கறி வாங்கப் போற சாக்குல, கேட்டுக்கு வெளிய உள்ள பூத்துலேர்ந்து கூப்பிடுவா. ரெண்டு நிமிசம், மிஞ்சிப் போனா மூணு. நாம அவளைக் கூப்பிட வழியே இல்ல. அவ கூப்பிடணும், அம்மா எடுக்கணும்.

அம்மா எந்த வீட்டுல இருந்தாலும் போன் வாரது பெரியண்ணன் வீட்டுக்கு. ஆனி மாசம் என் வீட்டுல இருந்தப்ப ஒரு நாள் அண்ணன் மக ஓடி வந்து, "ஆச்சி, அத்தை போனு"ன்னு கத்தியிருக்கா. அம்மாவுக்கு முட்டுவலி. சந்து வழியாச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போயி எடுத்தா, லைன் கட்டாயிருச்சு. சாயங்காலம் நான் வாரப்ப அம்மா மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு.

"அவ என்ன சொல்ல வந்தாளோ, ஏலே. அடுத்து எப்ப பேசுவாளோ."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். அண்ணன்மாரைத் திட்டினேன், கொத்தனாரைத் திட்டினேன், டெலிபோன் ஆபீசைத் திட்டினேன். திட்டி முடிச்ச பொறவுதான் புத்தி வேலை செஞ்சுது. நான் பாக்குற வேலையே அதுதானே! ராஜபாளையத்துல ஒரு மில்லுல எலக்ட்ரிக்கல் செக்‌ஷன்ல இருந்தேன். ஆபீஸ், கோடவுன், மேனேஜர் பங்களா எல்லாத்துக்கும் உள்ள இன்டர்காம் என் பொறுப்பு. மில்லுல அப்பத்தான் பெரிய எக்ஸ்சேஞ்ச் பெட்டி வாங்கிப் போட்டிருந்தாங்க. பழைய சின்னப் பெட்டி ஸ்டோர்ல தூசி அடைஞ்சு கெடந்துச்சு. வெளி லைன் ஒண்ணு, உள்ள நாலு போன். மேனேஜர்கிட்டக் கேட்டேன். "தூக்கிட்டுப் போய்யா, இடமாவது மிஞ்சும்"னாரு. டவுன் பஸ்ல மடியில வச்சு ஊருக்குக் கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை பூரா வயர் இழுத்தேன். பெட்டியைப் பெரியண்ணன் வீட்டுப் பரண்ல வச்சுட்டு, சுவரோரமாக் கிளிப் அடிச்சு மூணு வீட்டுக்கும் லைன் கொண்டு போனேன். பெரியண்ணன் வீடு இருபத்தொண்ணு, சின்னண்ணன் வீடு இருபத்திரெண்டு, என் வீடு இருபத்திமூணு. வெளியிலேர்ந்து வர்ற போன் இதுல எந்த நம்பர்ல மணி அடிக்கணும்னு பெட்டிக்கு நாமதான் சொல்லி வைக்கணும். மில்லுல அதை லேண்டிங்னு சொல்லுவோம். பெரியண்ணன் போனை எடுத்து ஒரு ரகசிய நம்பரை அமுக்கி, அதோட வீட்டு நம்பரையும் சேத்து அமுக்கினா, காதுல 'பீப்'னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், மாறிரும்.

நான் செஞ்ச ஏற்பாடு இது. அம்மா எந்த வீட்டுலயோ, வெளிப் போன் அந்த வீட்டுலதான் விழும். மாசப் பொறப்பன்னிக்கு அம்மாவோட டிரங்குப் பெட்டியைத் தூக்கி வச்சுட்டு, நேரா பெரியண்ணன் வீட்டுக்குப் போயி லேண்டிங்கை மாத்திருவேன். பொறவுதான் மில்லுக்குப் பஸ் ஏறுவேன். மத்தவங்களுக்குப் போன் வந்தா, எடுத்தவங்க ஒரு பட்டனைத் தட்டி அந்த வீட்டு நம்பரை அமுக்கினாப் போதும்.

பெரிய மதினி சிரிச்சாக. "ஏங் கொழுந்தனாரே, அத்தை பின்னாடியே போனும் குடித்தனம் மாறுதே!"

நானும் சிரிச்சேன். பெருமையா இருந்துச்சு. மத்த வீட்டுல சோறு மட்டும்தான் முறை, எங்க வீட்டுல போனும் முறைன்னு மில்லு கேண்டீன்ல சொல்லித் திரிஞ்சேன், வெக்கங்கெட்டவன்.

ஆடி மாசம் அக்காவும் அம்மாவும் ஒரு போன் ஒழுங்காப் பேசினாங்க. அம்மா வழக்கம்போல, "பொறுத்துக்கோத்தா, பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாக"ன்னு சொல்லி வச்சுட்டா. அக்கா கடைசியா ஒண்ணு சொன்னாளாம்: "நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, மறுநாளே ரயிலேறிருவேன்." அம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லல. ஊருக்குப் பயந்தா.

ஆவணி, சின்னண்ணன் முறை. அந்த மாசம்தான் முதல் கோளாறு வந்துச்சு, பெட்டியில இல்ல, மனுசங்களுக்குள்ள. மதுரையிலேர்ந்து ஒரு பார்ட்டி சின்னண்ணனைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கான். சின்ன மதினி பின்னால பொதுவா உள்ள கொல்லையில துணி துவைச்சிக்கிட்டிருந்தாக. அம்மா எடுத்தா. "அவன் இல்லைய்யா, இன்னொரு பார்ட்டி இதே துணியக் குறைச்சுத் தாரேம்னு சொன்னானாம், அவனைப் பாக்கப் போயிருக்கான்"னு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டா. போச்சு. குறைச்சு வாங்கி எங்கிட்டக் கூட விக்கிறானான்னு அந்தப் பார்ட்டி ஆர்டரையே ரத்து பண்ணிட்டான். சின்னண்ணன் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிச்சாரு. மதினி, "அத்தை, இனிமே போனை நீங்க எடுக்காதிய. மணி அடிச்சா என்னையக் கூப்பிடுங்க"ன்னாக. சத்தம் போடல, மெதுவாத்தான் சொன்னாக. அம்மாவுக்கு அது சுருக்குன்னு தச்சுட்டு.

"மாரியாத்தா மேல சத்தியம். இனி இந்த வீட்டு போனை என் கையால தொட மாட்டேன்"னா.

அம்மா சத்தியம் பண்ணினாப் பண்ணினதுதான். அப்பா ஒரு தடவை அவ வச்ச கொழம்பைக் குறை சொன்னதுக்கு, அந்தக் கொழம்பைச் சாகுற வரைக்கும் அவருக்கு வைக்கல. இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்னிக்குச் சிரிச்சுட்டு விட்டேன்.

புரட்டாசியில அம்மா என் வீட்டுக்கு வந்தா. அந்த மாசம் எங்க மில்லு ஃபிட்டர் ஒருத்தரு, வன்னியம்பட்டிக்காரரு, அக்கா இருக்குற ஊர்ல ஆறு மாசம் வேலை பாத்துட்டுத் திரும்பி வந்திருந்தாரு. கேட்டுல என்னைப் பாத்ததும் தயங்கித் தயங்கிப் பக்கத்துல வந்தாரு.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. உங்க அக்கா கையில மாவுக்கட்டுப் போட்டிருந்தாக. எப்படிம்மான்னு கேட்டேன், மாடிப்படியில விழுந்துட்டேன்னாக."

"எப்ப?"

"அதை விடுங்க. அந்தக் குவார்ட்டர்ஸ்ல மாடியே கெடையாது அண்ணாச்சி."

அன்னிக்கு எப்படி வேலை பாத்தேன், எப்படிப் பஸ் ஏறினேன்னு தெரியல. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட மறைக்காமச் சொன்னேன். அம்மா அரிசியில கல்லு பொறக்கிக்கிட்டிருந்தா. சொளகைக் கீழ வச்சா.

"வரச் சொல்லிருவோம்லே"ன்னா பொறவு. "நாந்தான் பொறு பொறுன்னு சொல்லி அவளைக் கொல்லக் குடுத்திருக்கேன். நானே என் வாயால வான்னு சொல்லணும். நீங்க சொன்னா நம்ப மாட்டா, அம்மாவுக்குப் பிடிக்காம எப்படி வாரதுன்னு இருந்துருவா. அடுத்த போன் வரட்டும். வாட்டின்னு சொல்லிருதேன்."

சேதி தெரிஞ்சு பெரியண்ணன் வந்தாரு. சந்து வாசல்ல நின்னுக்கிட்டே பேசினாரு. மக ஜாதகம் ஒரு இடத்துல பொருந்தியிருக்கு, தை மாசம் முடிச்சுரலாம்னு இருக்காக, இந்த நேரத்துல அத்தைக்காரி வாழாவெட்டியா வந்து உக்காந்தா அந்தச் சம்பந்தம் என்ன ஆகும்னு கேட்டாரு. அம்மாவுக்கு எங்கேர்ந்துதான் அம்புட்டுச் சத்தம் வந்துச்சோ!

"உன் மக வாழணும், என் மக சாகணுமாலே? வெளிய போலே!"

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அதைப் பத்தி வாயே திறக்கல. சும்மா இருந்தா சரின்னுட்டாருன்னு நான் எடுத்துக்கிட்டேன். நான் ஒரு மடையன்.

நானே போயி அக்காவைக் கூட்டிட்டு வந்துருதேன்னு அம்மாகிட்டச் சொன்னேன். சொன்னேன், போகல. மில்லுல புது மெஷின் இறக்கிக்கிட்டிருந்தாங்க, லீவு இல்லைன்னாங்க. தீபாவளி முடியட்டும்னேன். தீபாவளி முடிஞ்சதும் கார்த்திகை வரட்டும்னேன். உண்மையச் சொல்லணும்னா எனக்கு அந்தாளுக்கு முன்னால போயி நிக்கப் பயம். மொழி தெரியாத ஊரு, அடிக்கிற கை, கூட நிக்க ஆள் இல்ல. அதான் நம்மகிட்டப் பெட்டி இருக்குல்ல, அக்கா கூப்பிடுவா, அம்மா சொல்லிருவா, அவளே வந்துருவான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பயந்தவனுக்கு ஒரு மெஷின் கிடைச்சா அதைச் சாமியாக்கிருவான்.

ஐப்பசி பூராப் பெரியண்ணன் வீட்டுல அம்மா போன் பக்கத்துலயே உக்காந்திருந்தா. ஜாதகக்காரனும் பார்ட்டிகளும் கூப்பிட்டாங்க, அக்கா கூப்பிடல. கார்த்திகை பொறக்கப் போகுது, அம்மா சின்னண்ணன் வீட்டுக்குப் போகணும். அப்பத்தான் அந்தச் சத்தியம் எனக்கு உறைச்சுது. அந்த வீட்டுல போனைத் தொட மாட்டாளே! மதினி கொல்லையிலயோ கடையிலயோ இருக்குற நேரம் அக்கா கூப்பிட்டா?

அம்மாகிட்டக் கெஞ்சினேன். "சத்தியமாவது ஒண்ணாவது, எடும்மா. பரிகாரத்துக்குப் பூக்குழி இறங்கி நான் நெருப்பு மிதிக்கிறேன்."

"நீ இறங்கினா என் சத்தியம் எப்படிலே தீரும்? மணி அடிச்சா அவளைக் கூப்பிடுவேன். அவ எடுத்துக் குடுத்தா வாங்கிப் பேசுதேன். எடுக்கத்தான் மாட்டேன்."

லேண்டிங்கை அந்த ஒரு மாசம் பெரியண்ணன் வீட்டுலயே விட்டுரலாமேன்னு நீங்க கேக்கலாம். பழையபடி அம்மா முட்டுவலியோட சந்துல நடந்து வரணும், லைன் கட்டாகும். சின்னண்ணன் வீட்டுலயே மணி அடிக்கட்டும், அதுதான் அம்மாவுக்குக் கையெட்டுற தூரம். ஆனா யாரும் எடுக்கலைன்னா போன் வீணாப் போயிரக்கூடாது. பெட்டியில அதுக்கும் ஒரு வழி இருந்துச்சு. ஆறு ரிங் போயும் எடுக்கலைன்னா தானா வேற வீட்டுக்குத் தாவுற மாதிரி வைக்கலாம். எந்த வீட்டுக்கு? என் வீடு அந்த நேரம் பூட்டிக் கெடக்கும், நான் மில்லுல, என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துல. பெரியண்ணன் வீட்டுல எப்பவும் ஆள் உண்டு. அவரும் பதினோரு மணிக்கு பஜார்ல உள்ள தன் கடையிலேர்ந்து காபி குடிக்க வருவாரு. எடுத்து, 'இரு, அம்மாகிட்டத் தாரேன்'னு பட்டனைத் தட்டி மதினியைக் கூப்பிட்டா முடிஞ்சு போச்சு.

கார்த்திகை ஒண்ணாந்தேதி அப்படியே செஞ்சு வச்சேன். 'பீப்'னுச்சு. மறுநாள் ராஜபாளையத்துல பஸ் ஸ்டாண்டுப் பூத்துலேர்ந்து நானே கூப்பிட்டுப் பாத்தேன். முதல்ல அடிக்கிறப்ப எடுக்க வேண்டாம்னு சின்ன மதினிகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். ஆறு ரிங், பொறவு ஒரு 'டிக்', அடுத்த ரிங்குல பெரியண்ணன் குரல்.

"யாரு? நீயாலே? அம்மாவைக் கூப்பிடணுமா? இரு."

செத்த நேரத்துல மதினி எடுத்து அம்மா கையில குடுத்தாக. "கேக்குதுலே, நல்லாக் கேக்குது"ன்னா அம்மா. பூத்துக்காரன் முன்னால நின்னு நான் இளிச்சேன். நான் டெஸ்ட் பண்ணினது வயரை.

கார்த்திகை பாதியில ஒரு நாள் சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு விட்டா.

"இன்னிக்குப் பதினொண்ணு இருக்கும்லே. மணி அடிச்சிச்சு. இவளைக் கூப்பிட்டேன், கொல்லையில தண்ணி இறைக்கிற சத்தத்துல அவளுக்குக் கேக்கல. ஓடி வாரதுக்குள்ள நின்னு போச்சு. பொறவு அந்தப் பக்கம் பெரியவன் வீட்டுல அடிக்கிறது சுவரு வழியாக் கேட்டுச்சு. யாரோ எடுத்தாக. யாருன்னு கேட்டுட்டு வாலே."

போயிக் கேட்டேன். பெரியண்ணன் கணக்கு நோட்டை மூடிட்டு, "ராங் நம்பர்லே"ன்னாரு. நான் அம்மாகிட்ட வந்து ராங் நம்பராம்மான்னு சொன்னேன். அம்மா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா.

மார்கழி முழுக்க என் வீட்டுல இருந்தா. குளிக்கப் போனாக்கூட என் வீட்டுக்காரியைப் போன் பக்கத்துல உக்கார வச்சுட்டுத்தான் போவா. போன் வரவே இல்ல. தை மாசம் ஒரு இன்லேண்டு லெட்டர் வந்துச்சு, அக்கா கையெழுத்துல. 'நான் நல்லா இருக்கிறேன். யாரும் என்னைப் பார்க்க வர வேண்டாம்.' அவ்வளவுதான். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் படிக்கச் சொன்னா.

"எழுத்து அவ எழுத்துதான். பேச்சு அவ பேச்சு இல்ல"ன்னா.

எனக்கு அந்த லெட்டரைப் பாத்து மனசுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. இதைச் சொல்ல வாய் கூசுது, ஆனாலும் சொல்றேன். வர வேண்டாம்னு அவளே எழுதிட்டா, இனி நான் ரயிலேற வேண்டியதில்லைன்னு தோணுச்சு. தை கடைசியில பெரியண்ணன் மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. அக்கா வரல. அவ புருசன் வாழ்த்துத் தந்தி அனுப்பியிருந்தாரு.

அதுக்கப்புறம் ஒண்ணரை வருசம் அம்மா இருந்தா. மாசம் பொறந்தா வீடு மாறினா, நான் லேண்டிங்கை மாத்தினேன். பேச்சு குறைஞ்சு போச்சு. மணி அடிச்சா மட்டும் தலையைத் தூக்குவா. யாருன்னு கேப்பா. அக்கா இல்லைன்னு தெரிஞ்சதும் மறுபடி சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா. டாக்டர் ரத்தம் குறைஞ்சு போச்சுன்னாரு. ஒரு ஆவணியில, காலையில நீச்சத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்தவ எந்திரிக்கல.

தந்தி குடுத்தோம். ரெண்டு நாள் ரயில். அவ வந்து சேர்றதுக்கு முன்னாடியே அம்மாவை எடுத்துட்டோம். புருசனோடதான் வந்தா. என்னைவிட நாலு வயசுதான் மூத்தவ, பாத்தா பத்து வயசு கூடத் தெரிஞ்சுது. இடது கை முழுசா நீள மாட்டேங்குது. அம்மா படுத்திருந்த இடத்துல உக்காந்து அழுவான்னு எதிர்பாத்தோம். அழல. கொல்லையில போயி, வந்தவங்க குடிச்ச தம்ளர்களை எடுத்துக் கழுவிக்கிட்டிருந்தா. நான் பக்கத்துல போயி உக்காந்தேன்.

"ஏன்க்கா போனே பண்ணல?"

என்னை ஒரு பார்வை பாத்தா. "பண்ணினேனே. கைக்கட்டுப் பிரிச்ச மறுநாள். பெரியண்ணன்தான் எடுத்தாக."

"என்ன சொன்னாரு?"

"அம்மாகிட்டக் குடுங்கன்னேன். அவ இப்ப போனையே தொடுறதில்ல, சத்தியம் பண்ணியிருக்கா, வேணும்னா சின்ன மதினியக் கேட்டுக்கோன்னாக. நான் வந்துரவான்னு அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்கண்ணேன்னு அழுதேன். இருன்னு சொல்லிட்டு நகந்து போனாக. பொறவு வந்து, கேட்டுட்டேன், இருக்குற இடத்துலயே இருக்கச் சொல்லுதான்னாக. அவுக பொய் சொல்ல மாட்டாகல்ல. நானும் சரின்னுட்டேன்."

தம்ளரைக் கவுத்து வச்சுட்டு இன்னொண்ணை எடுத்தா.

"அம்மா மேல எனக்குக் கோபம் இல்லலே. ஊருக்குப் பயந்தவ. கூப்பிட மாட்டான்னு தெரிஞ்ச பொறவு எதிர்பாக்குறதும் நின்னு போச்சு. இருந்துட்டேன்."

நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். முடியல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். வன்னியம்பட்டிக்காரரு சொன்னது, அம்மா சொளகைக் கீழ வச்சது, வாட்டின்னு சொல்லிருதேன்னது, மூணு வீட்டுலயும் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தது, மணி அடிச்சு நின்னது, சுவருக்கு அந்தப் பக்கம் அடிச்சது, பெரியண்ணன் வீட்டுக்கு அதைத் தாவ வச்சவன் நாந்தாங்கிறது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு வெறி ஏறுச்சு. இப்பவே போயி அவரை ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்னு எந்திரிச்சேன். அக்கா சோப்புக் கையோட என் கையைப் பிடிச்சா.

"விடுலே. அவுக மக நல்லா இருக்கால்ல."

"இப்பவாவது இங்கேயே இருந்துருக்கா. என் வீட்டுல இரு. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

முன்வாசல்லேர்ந்து அவ புருசன் அவளைக் கூப்பிட்டாரு, மதுரை ரயிலுக்கு நேரமாச்சாம். எந்திரிச்சு முந்தானையில கையைத் தொடச்சா. அப்பத்தான் அவ கண்ணு நிறைஞ்சிருந்ததைப் பாத்தேன்.

"ஏம்லே சொன்னே?"ன்னா. "அம்மாவே வேண்டாம்னுட்டா, இனி நமக்கு யாருன்னு நினைச்சுத்தான் அம்புட்டையும் பொறுத்துப் பழகியிருந்தேன். இனி நான் எப்படிலே பொறுப்பேன்?"

அவரு மறுபடி கூப்பிட்டாரு. "வாரேங்க"ன்னு சொல்லிட்டு அக்கா போயிட்டா.